நான்கு சர்வர்களும் ஒரு காதுகுத்தும்

மெசேஜ் க்யூ என்றால் என்ன என்று கணினித் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களைக் கேட்டால் பலகையில் பெட்டி போட்டு, அம்புக்குறி இழுத்து, அருமையாக விளக்குகிறீர்கள். போன மாதம் உங்கள் அலுவலகத்துக்கு என்னைப் பேச அழைத்திருந்தபோது பார்த்து மகிழ்ந்தேன். அந்தப் படங்களில் ஒரே ஒரு சந்தேகம்தான் எனக்கு. அம்புக்குறிகள் எல்லாம் நேராகப் போகின்றன. என் பணிக்காலம் முழுவதிலும் நேராகப் போன அம்புக்குறி ஒன்றைக்கூட நான் கண்டதில்லை. அன்று நேரமில்லாமல் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதித் தருகிறேன்.

நான் பெரும்பாலும் வங்கிக் கணினிப் பிரிவுகளில் காலம் தள்ளியவன். விதிப்புத்தகத்தில் எந்த நடைமுறைக்கு எந்தப் பக்கம், எந்தப் பத்தி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதனால் என்னைத் தூக்கத்தில் யாரும் எழுப்பியதில்லை. கடைசிச் சில ஆண்டுகள் மதுரை பழங்காநத்தத்தில் ஒரு பேனர் அச்சகத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொண்டேன். "வங்கியை விட்டுவிட்டு மூஞ்சி அச்சடிக்கும் கடைக்கா?" என்று பழைய நண்பர்கள் சிரித்தார்கள். மதுரையில் ஒரு காதுகுத்து பேனரில் முகம் விட்டுப்போனால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. வங்கிக் கணக்கில் தவறு வந்தால் மன்னிப்புக் கடிதம் அனுப்பினால் தீர்ந்தது. பேனரில் தவறு வந்தால் அடுத்த தலைமுறை வரை பேச்சுவார்த்தை நின்றுபோகும்.

அச்சகத்தின் முதலாளி ரஹீம் பாய். மாசி வீதிப் பக்கம் பரம்பரையாக வணிகம் செய்த குடும்பம். கோபம் வந்தால் பத்துப் பேருக்குக் கேட்கும்; கோபம் தணிந்தால் பத்துப் பேருக்கும் டீ வரும். வடிவமைப்புப் பிரிவைக் கவனித்தவர் கலைவாணி. வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் மாமன், மச்சான், காளை, கட்அவுட் எல்லாவற்றையும் ஒரே சட்டத்துக்குள் அடக்கி, யாருக்கும் வருத்தமில்லாமல் வரிசைப்படுத்தும் திறமை அவரிடம் இருந்தது. ஐ.நா. சபைக்குப் போயிருக்க வேண்டியவர்.

ஒரு பேனரை வடிவமைத்தபின், அதை அச்சு எந்திரம் புரிந்துகொள்ளும் அளவுக்குப் பெரிதாக்கி, நிறம் பிரித்துக் கொடுக்கும் வேலையைக் கணினிதான் செய்யவேண்டும். கனமான வேலை. முன்பு ஒரே கணினி ஒவ்வொன்றாக அதைச் செய்தது. முகூர்த்த மாதங்களில் அது மூச்சுத் திணறியதால், சென்னையிலிருந்து ஒரு குழு வந்து நான்கு சர்வர்களை வைத்து, நடுவில் வேலைகளை வரிசையில் வைத்துப் பங்கிட ஒரு க்யூவையும் அமைத்துக் கொடுத்துவிட்டுப் போனது. பெரிய பரோட்டாக் கடையில் பார்த்திருப்பீர்கள். சப்ளையர் ஆர்டரைச் சொல்லிவிட்டுப் போவார். நான்கு மாஸ்டர்களில் கை ஓய்ந்தவர் அதை எடுத்துக்கொள்வார். அதேதான். ஒரே ஒரு கூடுதல் ஏற்பாடு: ஆர்டரை எடுத்த மாஸ்டர் குறித்த நேரத்துக்குள் "முடிஞ்சது" என்று சொல்லாவிட்டால், அவர் மயங்கி விழுந்துவிட்டார் என்று க்யூ முடிவுசெய்து, அதே ஆர்டரை இன்னொருவரிடம் கொடுத்துவிடும். நல்ல ஏற்பாடு. மயங்கி விழாமல் நிதானமாக வேலை செய்யும் மாஸ்டர்களைப் பற்றி மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

சர்வர்களுக்குக் கலைவாணிதான் பெயர் வைத்தார்: ஆடி, சித்திரை, ஆவணி, மாசி. கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளின் பெயர்கள். உங்கள் அலுவலகத்தில் கிரகங்களின் பெயர் வைத்திருக்கிறீர்கள். எங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை.

எங்கள் அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாடிக்கையாளர் எவரும் ஒரே தடவையில் பேனரை முடித்ததாக வரலாறு இல்லை. சித்தப்பா முகம் சின்னதாக இருக்கிறது, மைத்துனர் சட்டை நிறம் சரியில்லை என்று திருத்தம் வந்துகொண்டே இருக்கும். அதனால் ஒரு விசேஷத்துக்கு ஒரே எண், ஒரே கோப்பு; கடைசியாக வருவது எதுவோ அது முந்தையதை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்காரும். எந்திரத்தில் இருப்பவர் அந்தக் கோப்பை எடுத்து அச்சடிப்பார். பழையதைத் திரும்பப் பெறுவது, நீக்குவது என்ற பேச்சே இல்லை. ஒரே கணினி இருந்த காலத்தில் இந்த வழக்கத்தில் ஒரு பிசகும் இல்லை. முதலில் கொடுத்தது முதலில் முடிந்தது. கடைசியாகக் கொடுத்தது கடைசியாக முடிந்தது. நான்கு பேர் ஒரே நேரத்தில் வேலை பார்க்கும்போது கடைசியாகக் கொடுத்ததுதான் கடைசியாக முடியும் என்று எந்தச் சாமி வந்து உறுதி சொன்னது?

அன்றைக்கு ஒரு வைகாசி முகூர்த்தத்துக்கு முந்தைய நாள். காலையிலேயே கடை வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. கலைவாணி வந்ததும், முந்தைய நாள் வாட்ஸ்அப்பில் முடிவான பேனர்களை எல்லாம் வரிசையில் ஏற்றிவிட்டார். அதில் ஒன்று சோழவந்தானில் மறுநாள் நடக்கவிருந்த காதுகுத்துக்கானது. குழந்தையின் தாய்மாமன் பாண்டி அனுப்பிய பேனர். நடுவில் ஆளுயரத்துக்குப் பாண்டி, அவரைச் சுற்றி அவருடைய நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள், வாடிவாசலில் பிடிபடாத காளை ஒன்று.

"சார், ஒரு தெருவையே அனுப்பிருக்காரு. இதுல குழந்தை மூஞ்சிய எங்க வைக்கிறதுன்னு நானே தேடிக்கிட்டிருந்தேன்" என்றார் கலைவாணி.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் பேருந்திலிருந்து இறங்கி வேர்க்க விறுவிறுக்க வந்தார். ஈஸ்வரி, குழந்தையின் தாய். கையில் ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம்.

"அக்கா, பேனர மாத்தணும். எங்க சின்னண்ணனையும் போடணும்."

ஈஸ்வரிக்கு இரண்டு அண்ணன்மார். பெரியவர் பாண்டி, சின்னவர் முத்து. பொங்கலுக்குப் பிறகு, வெற்றிலைக் கொடிக்காலுக்கு யார் முதலில் தண்ணீர் பாய்ச்சுவது என்பதில் தொடங்கிய மனத்தாங்கல், ஒருவர் வீட்டு வாசலை மற்றவர் மிதிக்காத அளவுக்கு வளர்ந்திருந்தது. தங்கையின் பிள்ளைக்குக் காதுகுத்து என்றதும் பெரியவர் சீர் செய்ய முன்வந்தார். சின்னவரை யாரும் அழைக்கக்கூடாது என்பது மட்டும் அவருடைய நிபந்தனை. ஈஸ்வரி முந்தைய நாள் மாலை இரண்டு வீட்டுக்கும் மாறி மாறி நடந்து, அழுது, சண்டை போட்டு, ஒருவழியாக உடன்படிக்கை செய்திருந்தார்.

"வலது காது பெரியண்ணன் மடியில. இடது காது சின்னண்ணன் மடியில. பேனர்ல ரெண்டு பேரும் ஒரே சைஸ்ல. இந்த மூணுக்கும் தலையாட்டிட்டாக. இதுல ஒண்ணு பிசகுனாலும் சின்னண்ணன் வாசல்லயே திரும்பிருவாரு அக்கா. அவரு வராட்டி நான் பிள்ளைய வெச்சுக்கிட்டு மேடையில எப்பிடி உக்காருவேன்?"

கலைவாணி அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, நண்பர்களையும் நண்பர்களின் நண்பர்களையும் இரக்கமில்லாமல் வெளியேற்றினார். காளை மட்டும் பிழைத்தது. இரண்டு அண்ணன்மாரும் சமமாக இரு பக்கமும் நிற்க, நடுவில் குழந்தை. புதிய பேனர் வரிசைக்குள் போனது. ஆள் குறைந்ததால் வேலையும் எளிது. ஆவணி அதை எடுத்துச் சட்டென்று முடித்துவிட்டது. ஈஸ்வரி திரையில் பார்த்து, கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, மனம் நிறையப் போனார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் பேனர்களை ஏற்றிக்கொண்டு குட்டியானைச் சரக்கு வண்டி கிளம்பியது. விளாங்குடியில் ஒரு கல்யாண மண்டபம், வழியில் இன்னும் ஒன்றிரண்டு இடம், கடைசியாகச் சோழவந்தான்.

நான் தினமும் செய்யும் வேலை ஒன்று உண்டு. யாரும் கேட்காத வேலை. ஒரு தடவைக்கு மேல் கொடுக்கப்பட்ட வேலைகள் எவை என்று க்யூவின் திரையில் பார்ப்பேன். அன்றும் பார்த்தேன். சோழவந்தான் எண் இருந்தது. பாண்டியின் பழைய பேனரைக் காலையில் சித்திரை எடுத்திருக்கிறது. அத்தனை முகங்களையும் பெரிதாக்கக் குறித்த நேரம் போதவில்லை. சித்திரை மயங்கிவிட்டது என்று முடிவுசெய்து, க்யூ அதே வேலையை மாசியிடம் கொடுத்திருக்கிறது. சித்திரை பாவம், வேர்வை வழிய முடித்துவிட்டு "முடிஞ்சது" என்று வந்து சொன்னபோது, "அது உன் வேலையே இல்லையே" என்று க்யூ கையை விரித்திருக்கிறது. இடையில் ஆவணி புதிய பேனரை முடித்து வைக்க, அதற்குப் பின் மாசி பழைய பேனரை முடித்துக் கொண்டுவந்து அதன்மேல் உட்காரவைத்துவிட்டது. கடைசியாக வந்ததே செல்லும்.

அச்சானது எது என்று கேட்க எழுந்தேன். அதற்குள் கலைவாணியின் கைபேசி அடித்தது. ஈஸ்வரி. ஒலிபெருக்கியில் போட்டார்.

"அக்கா, வண்டி கெளம்பிருச்சா? ரெண்டு அண்ணனும் மண்டபத்துக்கு வந்துட்டாக. கம்பு நட்டு, கயிறெல்லாம் ரெடி. சின்னண்ணன் பேனரப் பாக்கணும்னு இப்பவே வாசல்ல நிக்கிறாரு."

"கெளம்பிருச்சும்மா, வந்துரும்" என்று சிரித்துக்கொண்டே சொன்ன கலைவாணி, நான் திருப்பிக் காட்டிய திரையைப் பார்த்தார். சிரிப்பு உதட்டிலேயே காய்ந்துபோனது. கைபேசியை வைத்துவிட்டு எந்திர அறைக்கு ஓடி, ஓடின வேகத்திலேயே திரும்பி வந்தார்.

"சார், காளைக்குப் பக்கத்துல ஆளுயரத்துக்கு ஒருத்தர்தான் நின்னாராம். மெஷின்ல இருந்த அண்ணன் சொல்றாரு. போச்சு சார்."

சத்தம் கேட்டு ரஹீம் பாய் வந்தார். இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். அவர் தலையில் கைவைத்தார்.

"யா அல்லாஹ்! குடும்பத்தச் சேத்து வெச்ச பேனரா போய்ச் சேரல? சார், நாலு சர்வரையும் ஆஃப் பண்ணுங்க. ஆன் பண்ணி இத மட்டும் போடுங்க. வெரசா!"

இந்த இடத்தில் நிறுத்திக் கொஞ்சம் யோசியுங்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? முதலாளி சொல்கிறார். கேட்க நியாயமாகவும் இருக்கிறது. வாசலில் பழங்காநத்தத்து இளைஞர் கூட்டம் ஒன்று தங்கள் நண்பனின் கல்யாணப் பேனருக்காக நின்று, "அண்ணே, மாப்ள அழுகுறான்ணே, தாலி கட்டுறதுக்குள்ள குடுத்துருவீங்களா?" என்று கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருக்கிறது. எல்லாரும் உங்கள் விரலையே பார்க்கிறார்கள். விரலுக்குக் கீழே ஒரு பொத்தான் இருக்கிறது.

"முடியாது பாய்" என்றேன்.

"என்ன சார் முடியாது?"

"ஆஃப் பண்ணினால், பாதியில் இருக்கும் வேலையெல்லாம் திரும்பவும் வரிசைக்கு வந்து முதலிலிருந்து தொடங்கும். வாசலில் நிற்கிறவர்களுடையதும் சேர்த்து. அது போகட்டும். இந்தப் பழைய பேனர் இப்போது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவேண்டும்."

"அதான் வண்டில போய்ட்டிருக்கே!"

"துணி வண்டியில் போகிறது. வேலை இங்கே எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. மாசியும் குறித்த நேரம் தாண்டித்தான் முடித்திருக்கிறது. அப்படியானால் க்யூ அதை மூன்றாவதாக, நான்காவதாக என்று யாரிடமாவது கொடுத்துக்கொண்டே இருக்கும். நாம் இப்போது புதியதை அவசர அவசரமாகப் போட்டு முடித்தால், அது வந்து மறுபடியும் மேலே உட்காரும். இரண்டாவது தடவையும் அதே துணியைத்தான் அச்சடிப்போம்."

பாய் வாயை மூடிக்கொண்டார். என் ஊழியத்தில் அது ஓர் அரிய தருணம்.

நெருக்கடியில் நமக்குத் தோன்றுவது, சரியானதைச் சீக்கிரம் செய்துவிட வேண்டும் என்பதுதான். தவறானது இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஓட்டைப் பானையில் எவ்வளவு வேகமாகத் தண்ணீர் ஊற்றினால் என்ன?

நான்கு சர்வர்களிடமும் கையில் இருப்பதை முடியுங்கள், புதிதாக எதையும் எடுக்காதீர்கள் என்று சொன்னேன். ஒவ்வொன்றாகக் கைகழுவிக்கொண்டு வந்தன. ஆவணி ஓய்ந்தது. சித்திரை ஓய்ந்தது, பழங்காநத்தத்து மாப்பிள்ளையின் பேனர் அதிலிருந்துதான் வெளியே வந்தது, வாசலில் விசில் பறந்தது. மாசி ஓய்ந்தது. ஆடி மட்டும் ஓயவில்லை. திறந்து பார்த்தால், பாண்டியின் நண்பர்களை ஒவ்வொருவராக வளர்த்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு வேலையை மட்டும் நிறுத்தினேன். வரிசையிலிருந்தும் அதை எடுத்தேன். ஒருமுறைக்கு இருமுறை தேடி, வேறெங்கும் அது இல்லை என்று உறுதிசெய்துகொண்டபின், புதிய பேனரைப் புத்தம் புதிய எண்ணில் ஆவணியிடம் கொடுக்கும்படி கலைவாணியிடம் சொன்னேன். பழைய எண்ணோடு வரும் எதுவும் இனி அதைத் தொட முடியாது.

இதற்கிடையில் பாய் வேறொரு போர்முனையைத் திறந்திருந்தார். வண்டி ஓட்டுநர் கைபேசியை எடுக்கவில்லை. வண்டியில் பாட்டு ஓடினால் அவருக்கு இடி விழுந்தாலும் கேட்காது.

"விளாங்குடில நம்ம மச்சான் கடை இருக்கு" என்று பாய் மைத்துனருக்குப் போன் போட்டார். "மச்சான், நம்ம குட்டியானை அந்தப் பக்கம் வரும். மறிங்க. எப்பிடியா? ரோட்ல நில்லுங்க! ஒங்க ஒடம்ப மீறி அவன் போயிருவானா?"

சிறிது நேரத்தில் ஓட்டுநரே அழைத்தார்.

"பாய், ஒங்க மச்சான் லாரியை மறிக்கிற மாதிரி கையை விரிச்சுக்கிட்டு நிக்கிறாரு. நான் என்ன கடத்திட்டாய்யா போறேன்?"

"சோழவந்தான் பேனரைக் கட்டாதே! வேற பேனர் வருது!"

"சரிங்க பாய்" என்று வைத்துவிட்டார். இந்தச் செய்தியைக் கொஞ்சம் கவனியுங்கள். கட்டாதே என்று சொன்னோம். கொண்டுபோகாதே என்று யாரும் சொல்லவில்லை.

புதிய பேனர் எந்திரத்திலிருந்து இறங்கியது. கலைவாணி தன் கண்ணால் இரண்டு முகங்களையும் எண்ணிய பிறகுதான் சுருட்டவிட்டார். மை காயாத சுருளைப் பாயின் காரில் முன்கண்ணாடியிலிருந்து பின்கண்ணாடி வரை நீளவாக்கில் நீட்டி, அதற்கு அந்தப் பக்கம் பாயும் இந்தப் பக்கம் நானும் பின்னால் கலைவாணியுமாகக் கிளம்பினோம். பாய் ஏதோ சொல்வதும் எனக்குச் சுருளின் வழியாகத்தான் கேட்டது.

"சார், சென்னைக்காரங்க அம்புட்டுப் பேரு வந்து போட்டாங்களே, இதக் கண்டுக்கலையா?"

"அவர்கள் கொடுத்ததில் தவறில்லை பாய். அவர்கள் வேலையை வேகமாக்கினார்கள். எது முந்தி, எது பிந்தி என்பதை நம்முடைய பழைய ஒற்றைக் கணினி யாரும் கேட்காமலே பார்த்துக்கொண்டிருந்தது. அதை அனுப்பிவிட்டபோது அந்த வேலையும் கூடவே போய்விட்டது. யாரும் அதைப் புதியவரிடம் ஒப்படைக்கவில்லை."

"இனிமே?" என்றார் கலைவாணி.

"இனிமேல் ஒவ்வொரு திருத்தத்துக்கும் அதற்கென்று ஒரு வரிசை எண். முடித்துக் கொண்டுவருகிற சர்வர் முதலில் பார்க்கவேண்டும்: இங்கே ஏற்கெனவே இருப்பது என்னுடையதைவிடப் புதிதா? புதிதென்றால் தன்னுடையதைத் தூக்கிக்கொண்டு பேசாமல் போய்விட வேண்டும். கனமான பேனருக்குக் கூடுதல் நேரம். அப்படியும் ஒரே வேலை இரண்டு பேர் கைக்குப் போகத்தான் செய்யும். இரண்டு தடவை செய்தாலும் ஒரு தடவை செய்தது போலவே முடியவேண்டும். அதுதான் நம் பொறுப்பு."

இதைத்தான் அடுத்த வாரம் செய்தோம். உங்கள் பாடப்புத்தகத்தில் இதற்கு அழகான பெயர்கள் உண்டு. பெயரை மறந்தாலும் பரவாயில்லை, கேள்வியை மறக்காதீர்கள்.

சோழவந்தான் மண்டபத்தை அடைந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வாசலில் கம்பு நட்டு, ஏணி சாத்தியிருந்தது. ஏணிமேல் சின்னவர் முத்து. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு பெரியவர் பாண்டி. இருவருக்கும் நடுவில், இடுப்பில் கைவைத்தபடி ஈஸ்வரி. நாங்கள் இறங்குவதற்குள்ளேயே அங்கே நிலவரம் புரிந்துவிட்டது.

"ஏத்தா, கயித்தக் கொஞ்சம் இழுத்துக் கட்டச் சொல்லு" என்றார் பெரியவர், தலைக்கு நேர் மேலே இருந்த தம்பியைப் பார்க்காமல்.

"அண்ணே, கயித்த இழுத்துக் கட்டணுமாம்" என்றார் ஈஸ்வரி அண்ணாந்து.

"இழுத்தாச்சுன்னு சொல்லுத்தா" என்றார் சின்னவர், வானத்திடம்.

"இழுத்தாச்சாம்ண்ணே."

மடிக்கும் பேனருக்கும் உடன்படிக்கை இருந்தது. பேசுவதற்கு இல்லை. நான் வாழ்நாளில் எத்தனையோ க்யூக்களைப் பராமரித்திருக்கிறேன். ஒரு செய்தியைக்கூடத் தவறவிடாமல், இத்தனை பொறுமையோடு இரண்டு பக்கமும் சேர்த்த ஒன்றை அன்றுதான் பார்த்தேன்.

சுருளைப் பிரித்தோம். ஒரு பக்கம் பாண்டி, மறுபக்கம் முத்து, நடுவில் பொக்கைவாய்ச் சிரிப்போடு குழந்தை. சின்னவர் ஏணியிலிருந்தே வெகுநேரம் பார்த்தார். பிறகு கயிற்றை வாங்கிக் கட்டினார். ஈஸ்வரி கலைவாணியின் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. பாய் நெற்றி வியர்வையைத் துடைத்து, "மாஷா அல்லாஹ்" என்றார். எல்லாம் முடிந்தது என்று நான் மூச்சுவிட்டேன்.

அப்போதுதான் பாட்டுச் சத்தத்தோடு குட்டியானை வந்து நின்றது.

"பாய்! கட்டாதேன்னீங்க, கட்டல. பத்திரமாக் கொண்டாந்துட்டேன்!" என்று ஓட்டுநர் பெருமையாகக் குதித்தார். நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் கையை ஆட்டினோம். மூவரும் வரவேற்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, அவர் சுருளை ஒரே உதறாக உதறி வாசலில் விரித்துவிட்டார்.

ஆளுயரப் பாண்டி. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, காளைக்குப் பக்கத்தில். சுற்றிலும் நண்பர்கள். தம்பிக்கு இடமில்லாத பேனர்.

ஈஸ்வரியின் கை கலைவாணியின் கையிலிருந்து நழுவியது. "சின்னண்ணே, அது தப்பா வந்துருச்சுண்ணே, அது..." என்றார். பெரியவருக்கு முகம் கறுத்துவிட்டது. தங்கையின் பக்கம் திரும்பினார்.

"சொல்லுத்தா. அது நேத்துக் காலையில சொன்னது. இப்ப செல்லாதுன்னு சொல்லு."

சின்னவர் ஏணியிலிருந்து பைய இறங்கினார். பேனருக்கு அருகே வந்து, குனிந்து, அண்ணனின் பெரிய முகத்தை உற்றுப் பார்த்தார். வாசல்வரை வந்து திரும்பிப் போகப்போகிறார் என்று நான் நிச்சயமாக நினைத்தேன். ரஹீம் பாய் என் காதுக்கருகில் ஏதோ ஓதத் தொடங்கியிருந்தார்.

சின்னவர் நிமிர்ந்தார். தங்கையைப் பார்க்கவில்லை.

"அண்ணே," என்றார். "இது என் கண்ணாடில?"

பெரியவர் குனிந்து பேனரைப் பார்த்தார்.

"ஆமாடா. பொங்கலுக்கு வந்தப்ப விட்டுட்டுப் போன."

"வீடு பூராவும் தேடுனேன்! பொஞ்சாதிய வேற வஞ்சேன்!"

"குடுத்து விடலாம்னுதான் வெச்சிருந்தேன். யாருகிட்டக் குடுத்து விட? சும்மா கெடக்கேன்னு போட்டேன்."

"என்னைய வேணாம்னு பேனர் போடுற ஆளு, என் கண்ணாடியப் போட்டா போஸ் குடுப்ப?"

"எனக்கு எடுப்பா இருந்துச்சுடா!"

முதலில் சிரித்தது யார் என்று சொல்ல முடியவில்லை. ஓட்டுநராகத்தான் இருக்கவேண்டும், அவருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. பிறகு சமையல்காரர்கள் வரை சிரித்தார்கள். அந்தத் துணியைக் கவிழ்த்துப் போட்டுக் காய் நறுக்கலாம் என்று யாரோ சொல்ல, "எங்கண்ணன் மூஞ்சியத் தரையில போடுவியா?" என்று சின்னவர் எகிறினார். கடைசியில் அடுப்படிக்கு மேலே, முகம் வானத்தைப் பார்க்கும்படி அதைப் பந்தலாக இழுத்துக் கட்டுவதென்று முடிவானது. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள்.

"இழுடா."

"நீ பிடிண்ணே மொதல்ல. எம்புட்டு நேரமா இழுக்கிறேன்."

"ஒனக்கு எப்பவுமே அவசரம்டா. கொடிக்கால்லயும் அப்பிடித்தான்."

"இப்ப அதுக்கு வராத, சொல்லிட்டேன்."

நடுவில் நின்றிருந்த ஈஸ்வரி அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சொல்ல வேண்டியதை எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அது போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டு, இடுப்பிலிருந்து கையை எடுத்தார்.

"அப்பாடா, இனிமே ஒங்க பாடு" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கப் போனார்.